தெய்வமல்ல, டாக்டர்

சென்னை அடையாற்றில், காந்தி நகர்க் கால்வாய்க் கரையோரத்தில், 1954-ம் வருஷ முதல் புற்றுநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி நடந்து வருவது வாசகர்களுக்குத் தெரிந்ததேயாகும். அதைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவரான டாக்டர் வி. சாந்தா அம்மையார், 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி, தமது 93-வது வயதில் காலஞ்சென்றார். அது முதற்கொண்டு அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், அவர் நடமாடிய தெய்வம் என்றும், மனித உருவில் வந்த கடவுள் என்றும், ஏதோ பூர்வ ஜென்ம புண்ணியத்தால் இந்த ஊருக்குக் கிடைத்தவர் என்றும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவது ஒரு வழக்கமாகி வருகின்றது. இப்படிச் சொல்லுகின்றவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகின்றார்கள் என்பதையும், அவர்களில் அநேகர் அந்த ஆஸ்பத்திரியில் தாயையோ, மனைவியையோ, குழந்தையையோ பிழைப்பித்துக்கொண்டு வந்தவர்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் இதை நாம் ஆட்சேபிக்கின்றோம். அம்மையாரைக் குறைத்துச் சொல்ல வேண்டுமென்பதற்காக அல்ல. அவருக்குச் சேர வேண்டியதை வேறொருவர் கணக்கில் வரவு வைக்கக்கூடாது என்பதற்காகவே.

தெய்வம் என்றால் என்ன? நினைத்த மாத்திரத்தில் நோயைத் தீர்ப்பது. படிக்க வேண்டியதில்லை, பரீட்சை எழுத வேண்டியதில்லை, தூக்கம் விழிக்க வேண்டியதில்லை, பணத்திற்கு நான்கு பேர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் நோயைத் தீர்த்தால் அதில் என்ன அதிசயம் இருக்கின்றது? பிழைக்காமல் போனவர்கள் விஷயத்தில் அந்தத் தெய்வத்தை ஏன் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை? சாந்தா அம்மையாரோ 1949-ல் வைத்தியப் பட்டம் பெற்று, அதற்கு மேலும் ஆறு வருஷம் பிரசவ வைத்தியமும் ஸ்திரீகள் வைத்தியமும் படித்து, 1955-ல் எம்.டி. பட்டமும் வாங்கி, அதன் பிறகு அறுபத்தைந்து வருஷம் வேலை செய்தவர். இதை ஒரு மனுஷி செய்திருக்கின்றார் என்பதில்தான் பெருமை இருக்கின்றதே ஒழிய, ஒரு தெய்வம் செய்தது என்பதில் ஒன்றுமில்லை.

இந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்தைப் பார்ப்போமானால், அது சாந்தா அம்மையாரோடு ஆரம்பிக்கவில்லை. புதுக்கோட்டையில் 1886-ல், தேவதாசிக் குலம் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு தாயின் வயிற்றில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரோடு ஆரம்பிக்கின்றது. (அவர் பேருக்குப் பின்னால் உலகம் சேர்த்துச் சொல்லும் ‘ரெட்டி’ என்பதை நாம் விட்டுவிட்டதற்காக அவர் கோபித்திருக்க மாட்டார் என்றே நம்புகின்றோம்.) அவர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டபோது, ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று ஒரு கூச்சல், அதிலும் இன்ன குலத்துப் பெண்ணா என்று அதைவிடப் பெரிய கூச்சல். ராஜா உத்தரவு கொடுத்ததால் சேர்ந்தார். 1912-ல் சென்னை மெடிக்கல் காலேஜிலிருந்து டாக்டராக வெளியில் வந்தார். நீதிக் கட்சியார் ஆட்சியில் 1921-ல் இந்த மாகாணத்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து, பிறகு சட்டசபைக்குள் போகவும் வழி பிறந்தபோது, முதலில் உள்ளே போன பெண் அவர்தான். உள்ளே போனவர் சும்மாயிருக்கவில்லை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் அயோக்கியத்தனத்தை நிறுத்த வேண்டுமென்று கிளம்பினார். சாஸ்திரம் போய்விடும், கலை போய்விடும், தர்மம் போய்விடும் என்று சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்ததும், சுயமரியாதை இயக்கம் அம்மையார் பக்கத்தில் நின்றதும் பழைய வாசகர்கள் அறிந்தவை. அந்தச் சட்டம் முழு உருவில் வருவதற்கு 1947 வரை ஆயிற்று.

அவர் எல்லா விஷயத்திலும் நம்மோடு ஒத்தவர் அல்லர். காந்தியாரிடத்தில் அவருக்கு பக்தி உண்டு. 1930-ல் காந்தியார் சிறை சென்றபோது தமது சட்டசபை ஸ்தானத்தையே விட்டுவிட்டவர். ஆகவே அவரை நம் சொத்து என்று சொந்தம் கொண்டாடவும் நாம் வரவில்லை.

அவருடைய தங்கை 1923-ல் இளம் வயதில் புற்றுநோய் கண்டு மாண்டார். நம் ஊர் வழக்கப்படியானால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? தலையெழுத்து என்று சொல்லியிருப்பார்கள். வருஷா வருஷம் திவசம் கொடுத்துப் பார்ப்பானுக்கு அரிசியும் வாழைக்காயும் அளந்திருப்பார்கள். ஜாதகத்தை எடுத்து எந்தக் கிரகம் என்று பார்த்திருப்பார்கள். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. 1925-ல் சீமைக்குப் போனபோது அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் போய் வேலை கற்றுக்கொண்டார். 1935-ல் சென்னை மெடிக்கல் காலேஜின் நூற்றாண்டு விழாவில், இந்த ஊருக்கும் அப்படி ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொன்னார். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பேரால் அதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. (அந்தச் சங்கம் பெசன்ட் அம்மையார் முதலியவர்களால் 1917-ல் அடையாற்றில் தொடங்கப்பட்டது. பெசன்ட் அம்மையாரின் தியாசபியைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் தெரிந்ததுதான், அது கிடக்கட்டும்.) 1952-ல் நேரு வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி 12 படுக்கைகளோடு வாசல் திறந்தது. தங்கை செத்து முப்பத்தோரு வருஷம்! வாசல் திறந்தபோது அம்மையாருக்கு வயது 67. நமது நாட்டில் ரிட்டையரானவர்கள் அந்த வயதில் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் டிக்கெட்டு வாங்குவார்கள்.

இடையில் பணத்திற்கும் ஆதரவிற்கும் சர்க்காரிடம் போகாமலா இருந்தார்கள்? போனார்கள். புற்றுநோய்க்காரர்கள் எப்படியும் சாகப் போகின்றவர்கள்தானே, அவர்களுக்கென்று தனியாக ஒரு ஆஸ்பத்திரி எதற்கு என்கின்ற தோரணையில் ஒரு மந்திரி பதில் சொன்னதாகச் சாந்தா அம்மையாரே பல தடவை சொல்லியிருக்கின்றார். அந்த மந்திரியை மாத்திரம் வைவதில் பிரயோஜனமில்லை. பம்பாயில் 1941-லேயே டாட்டா ஆஸ்பத்திரி ஏற்பட்டு, கல்கத்தாவிலும் 1950-ல் ஒன்று ஏற்பட்டிருந்த காலத்தில், தென்னாட்டில் ஒரு மந்திரியின் வாயில் இந்தப் பதில் வருகின்றதென்றால், அது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. விதி என்றும் வினை என்றும் பாட்டி சொன்னதையே அவர் சர்க்கார் காகிதத்தில் எழுதிக்காட்டினார், அவ்வளவுதான்.

இந்த ஆஸ்பத்திரி சர்க்காருடையதாகவும் இல்லாமல், லாபம் சம்பாதிக்கும் முதலாளியுடையதாகவும் இல்லாமல், தன் காலில் நிற்கும் ஸ்தாபனமாக ஏற்பட்டதற்கு இதுவே காரணம். திறந்த காலத்தில் முழு நேர டாக்டர்கள் இருவரே. ஒருவர் முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. மற்றொருவர், 1955 ஏப்ரல் 13-ந் தேதி வந்து சேர்ந்த சாந்தா அம்மையார். அவர் மயிலாப்பூர்ப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், சர். சி.வி. ராமனுக்கும், வானசாஸ்திரி சந்திரசேகருக்கும் உறவு. சர்க்கார் ஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜன் உத்தியோகம் கையில் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுப் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதல் மூன்று வருஷம் சம்பளமில்லை. அதற்குப் பிறகு மாதம் 200 ரூபாயும், ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருக்க இடமும் கொடுத்தார்கள். அங்கேயே கடைசி வரையில் இருந்தார்.

பார்ப்பனர் வீட்டில் பிறந்த ஒருவரைப் புகழ்ந்து நீங்கள் எழுதலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம் என்பதே நமது அபிப்பிராயம். பிறவியினால் ஒருவர் உயர்ந்தவர் என்பதை நாம் மறுப்பது உண்மையானால், பிறவியினால் ஒருவர் புகழத்தகாதவர் என்பதையும் மறுத்தேயாக வேண்டும். தாசி மகள் என்று சொல்லி எந்தப் பெண்ணைக் காலேஜுக்குள் விடக்கூடாது என்றார்களோ, அந்தப் பெண் கட்டிய ஆஸ்பத்திரியில் மயிலாப்பூர் அக்கிரகாரத்துப் பெண் வந்து சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். மனுதர்மத்தில் இதற்கு இடமில்லை. அதனாலேயே நமக்கு இதில் சந்தோஷம்.

இனி வேலையைப் பற்றிச் சொல்லுவோம். 1957-ல் இந்த ஆஸ்பத்திரிக்குக் கனடாவிலிருந்து கோபால்ட் யந்திரம் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அணு உலையில் வைத்துப் பக்குவம் செய்த கோபால்ட் என்னும் உலோகத்திலிருந்து வெளிப்படும் கதிர், மேல் தோலை அதிகமாகக் கருக்காமல் உள்ளே ஆழத்திலிருக்கும் கட்டியில் போய்த் தாக்குகின்றது. அதற்கு ஒரு குணம் உண்டு. ஐந்து வருஷமும் சில மாதமும் ஆனால் அதன் சக்தி சரிபாதியாகக் குறைந்துவிடும். எந்தத் தேதியில் எவ்வளவு சக்தி இருக்கின்றதென்று கணக்குப் பார்த்துத்தான் நோயாளிக்கு எத்தனை நிமிஷம் என்று முடிவு செய்வார்கள். குறைந்து போனால் புதிதாக வாங்கிப் போடுவார்கள். நமது கோயில்களில் ஆயிரம், இரண்டாயிரம் வருஷமாகச் சக்தி குறையவேயில்லை என்று சொல்லப்படும் கல்லுகள் இருக்கின்றன. அதை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை என்பதுதான் அது குறையாமலிருக்கும் ரகசியம்.

1960-ல் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை அக்காலத்தில் பிழைப்பது மிகமிக அபூர்வம். அமெரிக்காவில் சிட்னி பார்பர் என்னும் டாக்டர், முதல் தடவையாக ஒரு மருந்தினால் இந்நோயைக் கொஞ்ச காலமாவது அடக்கிக் காட்டியதை 1948-ல் வெளியிட்டார். அந்த மருந்து யார் நடத்திய ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்தது தெரியுமா? நமது சென்னை மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திரருடையது. இன்று இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரைச் சரியான வைத்தியத்தால் பிழைக்க வைக்க முடிகின்றது. குழந்தை பிழைத்ததும் பெற்றோர் மொட்டையடிக்கத் திருப்பதிக்குப் போகின்றார்கள். சுப்பாராவ் பேரைக் கேட்டவர் அவர்களில் ஆயிரத்தில் ஒருவராவது இருப்பாரா?

நிற்க, புற்று என்னும் வார்த்தையையே கொஞ்சம் கவனியுங்கள். சாந்தா அம்மையார் பிறந்த மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் என்று ஒன்று இருக்கின்றது. அங்கே ஒரு புற்று. அதற்குப் பாலும் மஞ்சளும் முட்டையும் கொண்டுபோய்ப் பெண்கள் வரிசையாக நிற்கின்றார்கள். உடம்பில் ஒரு புற்று வந்தாலும் அதே பாலைக் கொண்டு போய் இந்தப் புற்றில்தான் ஊற்றுகின்றார்கள். கரையான் கட்டிய மண்ணுக்கும் மார்பில் வந்த கட்டிக்கும் சம்மந்தம் என்ன என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். பால் ஊற்றுவதால் வரும் பால் நஷ்டம் பெரிதல்ல; ஒன்பது வாரம், பதினோரு வாரம் என்று வேண்டுதல் வைத்து ஊற்றுகின்றார்களே, அந்த வாரங்கள்தான் நஷ்டம். கட்டி அந்த வாரங்களில் சும்மாயிருப்பதில்லை.

இதற்குத் துணையாக வேறு மூடநம்பிக்கைகளும் இருக்கின்றன. கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது ஒன்று. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தட்டையும் தம்ளரையும் பிரித்து வைப்பது மற்றொன்று. ஆடி மாதம் ஆபரேஷன் கூடாது என்பது இன்னொன்று. இவற்றையெல்லாம்விடக் கேடானது வெட்கம். மார்பில் கட்டி என்று புருஷனிடம் சொல்ல வெட்கம். கருப்பையில் ரத்தம் என்று மாமியாரிடம் சொல்ல வெட்கம். “ஏம்மா, இத்தனை மாசம் ஏன் வராமலிருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டால், “பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேங்க, தெரிஞ்சா சம்பந்தம் நின்னு போயிடுமே” என்பதுதான் நம் பெண்கள் சொல்லும் பதில். இதைக் கற்பு என்றும் அடக்கம் என்றும் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்?

கருப்பைவாய்ப் புற்றுநோய் விஷயமாகவே சொல்லுவோம். அதற்கு ஒரு கிருமி காரணம் என்று 1983-ல் ஹரால்ட் ஜுர் ஹாஸன் என்னும் ஜெர்மானியர் கண்டுபிடித்தார். 2008-ல் அதற்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். 2006 முதல் அதைத் தடுக்க ஊசியும் வந்துவிட்டது. பூர்வ ஜென்ம பாபத்தைத் தடுக்க ஊசி உண்டா? சிறு வயதில் கல்யாணம் செய்து, பிள்ளைகளை அடுத்தடுத்துப் பெற வைத்தால் இந்நோய் வருவதற்கு இடம் அதிகமாகின்றது என்பதும் ருஜுவானது. குழந்தை மணம் கூடாதென்று முத்துலட்சுமி அம்மையாரும் சுயமரியாதைக்காரர்களும் சொன்னபோது, வயதுக்கு வருமுன் கொடுக்காவிட்டால் பெற்றவர்களுக்கு நரகம் என்றார்கள். நரகம் பெற்றவர்களுக்கு வந்ததோ என்னவோ, அந்தப் பெண்களுக்கு நாற்பது வயதில் வந்து சேர்ந்தது.

திண்டுக்கல் ஜில்லாவில் கிராமத்துப் பெண்களிடையே ஒரு பரிசோதனை நடத்தி 2007-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அடையாறு ஆஸ்பத்திரியாரும் அதில் பங்கெடுத்துக் கொண்டவர்கள். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. பழகிய நர்ஸ் ஒருவர், நீர்க்கக் கலந்த காடியைக் கருப்பை வாயில் தடவி, வெளுப்பாக ஏதாவது தெரிகின்றதா என்று வெளிச்சத்தில் பார்க்கின்றார். தெரிந்தால் அப்பொழுதே வைத்தியம். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை ஒரே தடவை இப்படிப் பார்த்ததில், பார்க்கப்படாத கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் இந்நோயால் ஏற்படும் சாவு 35 சதவிகிதம் குறைந்தது. ஊறுகாய்க்காரர் வீட்டிலிருக்கும் காடிக்கு இவ்வளவு மகிமை! மகிமை காடியினுடையதல்ல, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணினுடையது.

1980-களின் ஆரம்பத்திலிருந்து சென்னையில் யார் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகின்றதென்று இந்த ஆஸ்பத்திரியார் பதிவு வைத்து வருகின்றார்கள். முன்பெல்லாம் இந்த ஊர்ப் பெண்களுக்குக் கருப்பைவாயில் வருவதே முதலிடத்தில் இருந்தது. அது குறைந்து, மார்பில் வருவது மேலே வந்துவிட்டதென்று அந்தப் பதிவிலிருந்துதான் தெரிகின்றது. கடவுள் கணக்கு வைத்திருப்பதாகச் சொல்லப்படும் சித்திரகுப்தன் புஸ்தகத்தை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. இந்தப் புஸ்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தப்பு இருந்தால் சொல்லலாம்.

சாந்தா அம்மையார் 1980 முதல் 1997 வரை டைரக்டராக இருந்தார். அந்தப் பதவி முடிந்த பிறகும் ஸ்தாபனத்தின் வேலையை விடவில்லை. இருபத்துமூன்று வருஷத்துக்கு மேல், சாகும் வரையில், ஆஸ்பத்திரிக்காகவே வேலை செய்தார். மக்ஸாஸே பரிசு 2005-ல் வந்தது. பத்ம விபூஷண் 2016-ல் வந்தது. வெளியில் தனிப் பிராக்டீஸ் வைத்திருந்தால் அந்தப் படிப்புக்கும் அந்தக் கைக்கும் எவ்வளவு சம்பாதித்திருக்கலாம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு படுக்கை இன்று ஐந்நூறுக்கு மேலாகியிருக்கின்றது. வருகின்ற நோயாளிகளில் பெரும் பங்கினர் இலவசமாகவோ கொஞ்சப் பணத்திலோ வைத்தியம் பெறுகின்றார்கள்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? சர்க்கார் உதவி கொஞ்சம். பணமுள்ள நோயாளி கொடுப்பது கொஞ்சம். மற்றதற்கு ஜனங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அட்சய திருதியை அன்று தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் போய்ப் பாருங்கள். விடியுமுன்பிருந்து ஜனங்கள் நிற்கின்றார்கள். அன்று ஒரு குண்டுமணி தங்கம் வாங்கினால் வருஷமெல்லாம் பெருகுமாம். அந்த வரிசையில் நிற்கும் நாற்பது வயதுப் பெண்களில் எத்தனை பேர் மார்பைப் பரிசோதித்துக் கொண்டவர்கள்? கேட்டால் பணமில்லை, நேரமில்லை என்பார்கள். நீதிக் கட்சியாரின் தலைவர் பேரால் ஏற்பட்ட பேட்டையில் இது நடக்கின்றது என்பதுதான் நமக்கு அதிக வருத்தம்.

ஒன்று மாத்திரம் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று பேர் தங்கள் வாழ்நாளையே கொடுத்ததால் ஒரு ஆஸ்பத்திரி நின்றது என்பது அவர்களுக்குப் பெருமை. நாட்டுக்கு அது பெருமையல்ல. ஒரு ஏழைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் அவன் பிழைப்பதும் சாவதும் ஒருவருடைய தியாகத்தைப் பொறுத்திருக்கலாமா? சர்க்கார் செய்ய வேண்டியதைத் தனி மனிதர் செய்துவிட்டால், அவரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டு சர்க்காரும் தப்பித்துக் கொள்ளுகின்றது. நாமும் தப்பித்துக் கொள்ளுகின்றோம். தெய்வம் செய்த வேலையை மனிதன் செய்ய முடியாதல்லவா! டாக்டர் செய்தது என்று சொல்லிப் பாருங்கள். அப்பொழுதுதான் மற்ற டாக்டர்கள் ஏன் செய்யவில்லை, மற்ற ஜில்லாக்களில் ஏன் இல்லை, மருந்து விலை ஏன் இப்படி இருக்கின்றது என்ற கேள்விகள் வரும். அம்மையார் தாமே மருந்து விலையைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். புகையிலையை வெற்றிலையோடு மென்று வாயில் புண் வந்து சேருகின்றவர்களை அறுபது வருஷம் தினமும் பார்த்தவருக்கு வேறு என்ன பேசத் தோன்றும்?

வருகின்ற ஜனவரி 19-ந் தேதி அவர் படத்துக்கு மாலை போட நினைக்கின்ற தோழர்கள், பூக்கடைக்குப் போகுமுன் தங்கள் வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, அம்மாவிடமும், அக்காவிடமும், சம்சாரத்திடமும் பரிசோதனை ஆயிற்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். காடிப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் நமது சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கின்றார்கள், காசு கிடையாது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குமேல் பன்னிரண்டு மணிக்குள் போனால் ராகு காலமாதலால் கூட்டமும் கொஞ்சம் குறைவாயிருக்கக்கூடும்.